ஷ்ரெக் கிழித்த பக்கம்: ஒரு குடும்பப் படத்துக்குள் பின்நவீனத்துவம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்நவீனத்துவம் என்ற சொல்லைக் கேட்டதுமே பாதிப்பேர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். மீதிப்பேரை உட்கார வைக்க எனக்குக் கிடைத்த ஒரே வழி ஷ்ரெக். எல்லோரும் பார்த்த படம், எல்லோரும் சிரித்த படம். அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என்னிடம் வந்து விழுகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

முதலில் கதையை ஒருமுறை சொல்லிவிடுங்கள். பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

சதுப்பு நிலத்தில் யார் தொல்லையும் இல்லாமல் தனியாக வாழ்கிற பச்சை ராட்சசன் ஷ்ரெக். டுலாக் என்ற ஊரை ஆளும் ஃபார்குவாட் பிரபு, தன் எல்லைக்குள் இருக்கிற தேவதைக் கதைப் பாத்திரங்களை எல்லாம் பிடித்து வெளியேற்றுகிறான். மூன்று பன்றிக்குட்டிகள், குருட்டு எலிகள், பினாக்கியோ, பாட்டி நைட்டி போட்ட ஓநாய் என்று அத்தனை பேரும் ஷ்ரெக்கின் வாசலில் வந்து குவிகிறார்கள். இவர்களை அப்புறப்படுத்தச் சொல்லி ஷ்ரெக் டுலாக்குக்குப் போகிறான். பிரபுவுக்கு ராஜா ஆக ஓர் இளவரசி தேவை. டிராகன் காவல் காக்கும் கோபுரத்திலிருந்து ஃபியோனாவை மீட்டுக் கொண்டுவந்தால் உன் இடம் உனக்கு என்று பேரம் முடிகிறது. கூடவே ஒரு வாயாடிக் கழுதை. வழியில் ஷ்ரெக்குக்கும் ஃபியோனாவுக்கும் பிடித்துப்போகிறது. பொழுது சாய்ந்ததும் அவளும் பச்சை ராட்சசியாக மாறிவிடுவாள் என்பது அவள் மறைத்து வைத்திருக்கும் ரகசியம்.

படம் 2001-இல் வந்தது. தயாரிப்பு ட்ரீம்வொர்க்ஸ், இயக்கம் ஆண்ட்ரூ ஆடம்சனும் விக்கி ஜென்சனும். அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. முழுநீள அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதை வாங்கியதும் இதுதான்.

சரி, பின்நவீனத்துவம் என்றால் என்ன? சுருக்கமாக, தயவுசெய்து.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் லியோத்தார் 1979-இல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். கனடாவின் கியூபெக் மாநில அரசுக்கு அறிவின் நிலைமை பற்றி எழுதிக் கொடுத்த அறிக்கைதான் அது. அதில் பின்நவீன மனநிலையைப் பெருங்கதையாடல்கள் மீதான அவநம்பிக்கை என்றார். வரலாறு விடுதலையை நோக்கிப் போகிறது, அறிவு வளர வளர மனிதன் நல்லவனாவான் என்பது போல, எல்லாவற்றையும் ஒரே நூலில் கோக்கிற கதைகள்தான் பெருங்கதையாடல்கள். அவற்றை இனியும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்பது அவர் வாதம். பெருங்கதையாடல், பிரதி, பகடி போன்ற சொற்கள் தமிழில் பரவலாகப் புழங்கியது தொண்ணூறுகளில், நிறப்பிரிகை போன்ற சிற்றிதழ்களைச் சுற்றி நடந்த விவாதங்களில். அந்த விவாதங்களில் பறந்த சூட்டுக்கும் இந்தப் பச்சை ராட்சசனுக்கும் சம்பந்தம் உண்டா என்று முறைக்காதீர்கள், உண்டு.

லியோத்தார் மனதில் இருந்தது சிண்ட்ரெல்லா இல்லைதான். ஆனால் தேவதைக் கதையும் அதே மாதிரி நூல் கோக்கிற வேலையைத்தான் சின்ன அளவில் செய்கிறது. அழகாக இருப்பவர் நல்லவர், அவலட்சணமாக இருப்பவர் கெட்டவர், காத்திருந்தால் இளவரசன் வருவான், முத்தத்தில் எல்லாம் சரியாகும். நாலு வயதில் நம் தலைக்குள் போகிற ஒழுங்கு இது. ஷ்ரெக் கைவைப்பது அதில்தான்.

எங்கிருந்து கைவைக்கிறது? ஒரு காட்சியைக் காட்டுங்கள்.

முதல் காட்சியே போதும். தங்க வெளிச்சத்தில் ஒரு பழைய புத்தகம் திறக்கிறது. 1937-இல் டிஸ்னி எடுத்த ஸ்னோ ஒயிட் தொடங்கி சிண்ட்ரெல்லா, ஸ்லீப்பிங் பியூட்டி வரை இப்படித்தான் புத்தகத்தைத் திறந்து ஆரம்பிக்கும். ஒரு குரல் உருகி உருகி வாசிக்கிறது: சாபம் பெற்ற இளவரசி, கோபுரம், டிராகன், காதலின் முதல் முத்தம். வாசித்தவனுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. ஒரு பச்சைக் கை வந்து அந்தப் பக்கத்தைக் கிழிக்கிறது. அடுத்து கழிப்பறையில் தண்ணீர் இறங்கும் சத்தம். கதவை உதைத்துத் திறந்துகொண்டு ஷ்ரெக் வெளியே வருகிறான், ராக் பாட்டு அதிர்கிறது. கிழித்த பக்கம் எதற்குப் பயன்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

இதை எல்லோரும் டிஸ்னியைத் துடைத்துப் போட்ட காட்சி என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நான் இன்னொன்றைக் கவனிக்கச் சொல்வேன். அந்தப் புத்தகம் கழிப்பறைக்கு எப்படி வந்தது? தேவதைக் கதையே பிடிக்காத ஒருவன் அதை உள்ளே எடுத்துப் போய், ஏற்ற இறக்கத்தோடு வாய்விட்டு வாசித்துக்கொண்டிருக்கிறான். அவன் கிழிப்பதும் ஒரு பக்கத்தைத்தான், மீதிப் புத்தகம் அப்படியே இருக்கிறது. கடைசிக் காட்சியில் வெங்காய வண்டி கிளம்பியதும் படம் மறுபடி ஒரு புத்தகத்தின் பக்கமாக மாறி, அவர்கள் அவலட்சணமாக நெடுங்காலம் வாழ்ந்தார்கள் என்று மூடுகிறது. புத்தகத்தில் ஆரம்பித்துப் புத்தகத்தில் முடிகிற படம், நடுவில் மட்டும் புத்தகத்தைக் கேலி செய்கிறது. எனக்கு இந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல இருப்பதே அவ்வளவுதான். மற்ற கேள்விகளுக்கான பதில்களும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வரும்.

பாத்திரங்களுக்கே தாங்கள் கதைக்குள் இருப்பது தெரியுமா?

ஃபியோனாவுக்கு நன்றாகத் தெரியும். ஷ்ரெக் கோபுரத்துக்குள் விழுகிற சத்தம் கேட்டதும் அவள் என்ன செய்கிறாள் பாருங்கள். அவசர அவசரமாகப் படுக்கையில் படுத்து, உடையைச் சரிசெய்து, ஒரு பூங்கொத்தை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டு, உதட்டைக் குவித்துக் காத்திருக்கிறாள். ஸ்லீப்பிங் பியூட்டி எப்படிப் படுத்திருப்பாள் என்று தெரிந்து படுக்கிறாள். ஷ்ரெக்கோ தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பிக் கிளம்பச் சொல்கிறான். அவளுக்கு வருகிற கோபம் பயத்தால் வந்ததில்லை, காட்சி கெட்டுப்போனதால் வந்தது. ஒரு கவிதையாவது சொல்லியிருக்க வேண்டாமா, குதிரையில் தூக்கிக்கொண்டு போக வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே வருகிறாள். கல்யாண வீட்டில் சடங்கு ஒன்று விட்டுப்போனதற்கு முகம் சுளிக்கிற பெரியம்மா மாதிரி.

பாத்திரம் தன் கதையின் விதிகளைத் தெரிந்து வைத்திருப்பது, அந்த விதிகளைப் பற்றியே பேசுவது, இதைத்தான் மெட்டாஃபிக்‌ஷன் என்கிறார்கள். தமிழில் மீபுனைவு. புத்திசாலித்தனமான விளையாட்டு மட்டும் என்றால் எனக்கு இதில் அவ்வளவு ஆர்வம் இருக்காது. ஃபியோனா விதிகளைத் தெரிந்து வைத்திருப்பது சோகமானதும்கூட. அத்தனை ஆண்டுகள் அடைந்து கிடந்தவளுக்குக் கையில் இருந்த ஒரே வரைபடம் அந்தக் கதைதான். அதை விட்டால் வெளியே போக அவளுக்கு வேறு வழி தெரியாது.

பகடி என்றும் வெற்றுப் பகடி என்றும் பிரிக்கிறார்களே, படத்தில் எது எது?

அமெரிக்க விமர்சகர் ஃபிரெட்ரிக் ஜேம்சன் எண்பதுகளில் வைத்த வாதம் இது. பகடிக்கு ஒரு குத்தல் உண்டு, எதையோ கேலி செய்கிறோம் என்ற நோக்கம் உண்டு. பின்நவீன காலத்தில் அந்த நோக்கம் வடிந்துபோய், பழைய பாணிகளைச் சும்மா எடுத்துப் போட்டுக்கொள்வதுதான் மிச்சம். அதைத்தான் அவர் வெற்றுப் பகடி என்றார். கனடாவின் லிண்டா ஹட்சியன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பின்நவீனப் பகடி தான் கேலி செய்வதற்கு உடந்தையாக இருந்துகொண்டே விமர்சிக்கிறது, அதனால் அதை வெற்று என்று தள்ள முடியாது என்பது அவர் கட்சி.

ஷ்ரெக்கில் இரண்டு பேருக்குமே சாட்சி இருக்கிறது, அதுவும் அடுத்தடுத்த காட்சிகளில்.

காலையில் ஃபியோனா காட்டில் பாடுகிறாள், ஒரு நீலப் பறவை கூடவே பாடுகிறது. இளவரசிகளும் பறவைகளும் சேர்ந்து பாடுவது டிஸ்னியின் பழைய வழக்கம். அவள் சுருதியை ஏற்றிக்கொண்டே போகிறாள், பறவையும் நெஞ்சைப் புடைத்துக்கொண்டு விடாமல் ஏற்றுகிறது. கடைசியில் வெடித்துவிடுகிறது. கிளையில் இரண்டு கால்கள் மட்டும் மிச்சம். ஃபியோனா ஒரு நொடி திருதிருவென்று விழிக்கிறாள், அப்புறம் கூட்டில் இருக்கிற மூன்று முட்டைகளைப் பார்க்கிறாள். அடுத்த ஷாட்டில் சூடான கல்லின் மேல் மூன்று முட்டை பொரிகிறது. இது சுத்தமான பகடி. இயற்கை முழுவதும் இளவரசிக்குச் சேவகம் செய்யும் என்ற கற்பனையை அதன் எல்லைவரை இழுத்து அறுக்கிறது. அவள் அதை வருத்தத்தோடு சாப்பாடாக மாற்றுவதில் ஒரு புதுப் பெண்ணும் தெரிகிறாள்.

கொஞ்ச நேரத்தில் பிரெஞ்சு உச்சரிப்போடு ஒரு ராபின் ஹூட் வருகிறான், ஃபியோனா அவனையும் அவன் ஆட்களையும் அடித்து நொறுக்குகிறாள். நடுவில் காற்றில் அப்படியே நிற்கிறாள், கேமரா அவளைச் சுற்றி வருகிறது, அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு உதைக்கிறாள். 1999-இல் வந்த மேட்ரிக்ஸ் படத்தின் புகழ்பெற்ற ஷாட். இங்கே மேட்ரிக்ஸைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? ஒன்றும் இல்லை. எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும் என்று கண்ணடிக்கிறார்கள். ஜேம்சன் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார். தலைமுடியைச் சரிசெய்யும் அந்த அரை நொடி மட்டும் ஹட்சியன் பக்கம் சாயும் என்று வேண்டுமானால் வாதாடலாம். நான் வாதாட மாட்டேன்.

டுலாக்கைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஏனென்றால் படத்தின் மூளை அங்கேதான் இருக்கிறது.

ஷ்ரெக்கும் கழுதையும் ஒரு பெரிய வாகன நிறுத்துமிடத்தைக் கடந்துதான் கோட்டைக்குள் போகிறார்கள். நுழைவாயிலில் வரிசை வளைந்து போகக் கயிறு கட்டியிருக்கிறது, அப்புறம் சுழல்கம்பி. கயிறுகளுக்கு நடுவே ஃபார்குவாட் பிரபுவின் பெரிய தலையை மாட்டிக்கொண்ட ஒரு வேஷக்காரன் நிற்கிறான். ஷ்ரெக்கைப் பார்த்ததும் உயிருக்குப் பயந்து ஓடுகிறான். ஆனால் நேராக ஓடவில்லை, காலியாகக் கிடக்கும் அந்தக் கயிற்று வரிசைக்குள் இந்தக் கோடி அந்தக் கோடி என்று வளைந்து வளைந்து ஓடுகிறான். ஷ்ரெக் கயிறுகளைப் பற்றிக் கவலையே படாமல் நேராக நடந்து வருகிறான்.

உள்ளே தெரு பளபளவென்று துடைத்து வைத்தது போல இருக்கிறது, ஓர் ஆளைக் காணோம். தகவல் கூண்டு ஒன்று நிற்கிறது. கழுதை நெம்புகோலை இழுத்ததும் மரப்பொம்மைகள் வரிசையாக வந்து, ஊரின் சட்டதிட்டங்களை இனிமையாகப் பாடி முடிக்கின்றன. டிஸ்னிலாந்தில் படகில் உட்கார்ந்து பார்க்கிற பொம்மைப் பாட்டை நினைவில் வைத்துச் செய்தது. முடிந்ததும் பளிச்சென்று ஒரு ஃபிளாஷ், இருவரின் திகைத்த முகத்தோடும் ஒரு புகைப்படம் வெளியே வருகிறது. தீம் பார்க்கில் ராட்டினம் இறங்கியதும் காசுக்கு விற்பார்களே, அதே படம்.

போத்ரியார் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் 1981-இல் டிஸ்னிலாந்தைப் பற்றி ஒரு குறும்பான கருத்தைச் சொன்னார். டிஸ்னிலாந்து தன்னைக் கற்பனை உலகம் என்று அறிவித்துக்கொள்வதே, அதற்கு வெளியே இருக்கிற அமெரிக்கா நிஜம் என்று நம்மை நம்ப வைக்கத்தான் என்றார். மூலமே இல்லாத நகல்கள் நிஜத்தைவிட நிஜமாகிவிடுவதை மிகை யதார்த்தம் என்று பெயரிட்டார். டுலாக்கை அதோடு வைத்துப் பாருங்கள். தேவதைக் கதைப் பாத்திரங்களை விரட்டிவிட்டு, தேவதைக் கதை பூங்காவைப் போல ஓர் ஊரைக் கட்டி வைத்திருக்கிறான் ஃபார்குவாட். பினாக்கியோவுக்கு ஊரில் இடமில்லை, பாடும் மரப்பொம்மைக்கு உண்டு. ஐந்து நிமிடத்தில் ஒரு கார்ட்டூன் இதைக் காட்டிவிட்டதே என்று எனக்குப் பொறாமைகூட வரும்.

ஆளே இல்லாத அந்தத் தெருவாசிகள் எல்லாம் மைதானத்தில் இருக்கிறார்கள். எப்போது கைதட்ட வேண்டும் என்று அவர்களுக்கு அட்டை காட்டப்படுகிறது. கல்யாணக் காட்சியிலும் அட்டைதான். தொலைக்காட்சி ஸ்டூடியோவில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் மாதிரி. மாயக்கண்ணாடியும் டிவி தொகுப்பாளராகிவிடுகிறது. சிண்ட்ரெல்லா, ஸ்னோ ஒயிட், ஃபியோனா மூவரையும் அமெரிக்காவின் பழைய ஜோடிப் பொருத்த நிகழ்ச்சி பாணியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அறிமுகம் செய்கிறது. முகமூடி போட்ட தடியன் ஒருவன் மூன்றாம் நம்பரை எடுங்கள் பிரபு என்று கத்துகிறான், காட்டுவது இரண்டு விரலை.

டிஸ்னி மீது இவ்வளவு வன்மம் ஏன்?

ட்ரீம்வொர்க்ஸைத் தொடங்கிய மூவரில் ஜெஃப்ரி காட்சன்பெர்க் டிஸ்னியின் ஸ்டூடியோ தலைவராக இருந்தவர். 1994-இல் மனக்கசப்போடு வெளியேறி, ஸ்பீல்பெர்க், டேவிட் கெஃபனோடு சேர்ந்து புதுக் கடை போட்டார். தனக்கு வர வேண்டிய பணத்துக்காக டிஸ்னி மீது வழக்கும் தொடுத்தார், 1999-இல் சமரசமானது. டிஸ்னியின் அன்றைய தலைவர் மைக்கேல் ஐஸ்னரைத்தான் ஃபார்குவாடாக வரைந்தார்கள் என்ற பேச்சு படம் வந்த நாளிலிருந்து உண்டு.

கேட்கச் சுவையான சங்கதி. ஆனால் படத்தை இதற்குள் அடைத்துவிட்டால் அது வெறும் பங்காளிச் சண்டையாகிவிடும். ஐஸ்னர் யாரென்றே தெரியாத கோடிக்கணக்கான பேர் அந்தப் பொம்மைப் பாட்டுக்குச் சிரித்தார்கள். அப்புறம், கிண்டல்காரப் பாத்திரம் நடுக்கதையில் சமகாலப் பிரபலங்களைப் போல மிமிக்ரி செய்கிற உத்தி 1992-இல் வந்த டிஸ்னியின் அலாவுதீன் படத்தில், ராபின் வில்லியம்ஸ் குரல் கொடுத்த பூதத்திடமே இருக்கிறது. அப்போது அங்கே ஸ்டூடியோ தலைவர் யார்? இதே காட்சன்பெர்க்.

அப்படியானால் தேவதைக் கதையைக் கலாய்த்த முதல் படம் இது இல்லையா?

கிட்டக்கூட இல்லை. அமெரிக்கக் கார்ட்டூன் பட இயக்குநர் டெக்ஸ் ஏவரி 1943-இலேயே சிவப்புத் தொப்பிக்காரச் சிறுமியை இரவு விடுதிப் பாடகியாக்கிவிட்டார். அந்தப் படத்தில் ஓநாய், பாட்டி, சிறுமி மூவரும் ஆரம்பத்தில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது என்று படத்தை நிறுத்திச் சண்டை போடுவார்கள். சக் ஜோன்ஸ் 1953-இல் எடுத்த குறும்படத்தில் டாஃபி வாத்தை வரைகிறவரே பென்சிலும் அழிப்பானும் வைத்துப் பாடாய்ப் படுத்துவார். 1959 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் உடைந்த தேவதைக் கதைகள் என்றே ஒரு தொடர் ஓடியது. ஷ்ரெக் செய்தது, ஏழு நிமிடக் குறும்படத்தில் இருந்த இந்தக் குசும்பை ஒன்றரை மணி நேரம் இழுத்து, அதன் நடுவில் ஒரு நிஜமான காதல் கதையையும் ஓட வைத்தது.

மூலப் புத்தகத்திலேயே இதெல்லாம் இருந்ததா?

இல்லை. புத்தகம் இதைவிடத் துணிச்சலானது என்பேன்.

வில்லியம் ஸ்டைக் என்ற கார்ட்டூன் ஓவியர் 1990-இல் வெளியிட்ட படப்புத்தகம் அது. அப்போது அவருக்கு எண்பது வயதுக்கு மேல். ஷ்ரெக் என்ற பெயர், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழியில் பயம், திகில் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. புத்தகத்தில் ஃபார்குவாட் இல்லை, டுலாக் இல்லை, வீடிழந்த பன்றிக்குட்டிகள் இல்லை. பெற்றோர் உதைத்து வெளியே அனுப்ப, ஷ்ரெக் ஊர் சுற்றக் கிளம்புகிறான். அவனுக்கு வருகிற கெட்ட கனவு என்ன தெரியுமா? குழந்தைகள் அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கிறார்கள். ஒரு கண்ணாடி அறையில் தன் முகத்தை நூறு மடங்காகப் பார்த்துப் பூரித்துப் போகிறான். இளவரசியோ அவனைவிட அவலட்சணமானவள், ஆரம்பத்திலிருந்தே. சாபமும் இல்லை, மாற்றமும் இல்லை. படத்து ஷ்ரெக் ஊர் தன்னைப் பார்த்து ஓடுவதை நினைத்து நிலா வெளிச்சத்தில் வருந்துகிறான். புத்தகத்து ஷ்ரெக்குக்கு அந்த வருத்தமே கிடையாது.

பாடல்கள் ஏன் இப்படி ஒட்டாமல் வருகின்றன?

ஒட்டாமல் இருப்பதுதான் நோக்கம். கோட்டையும் டிராகனும் இருக்கிற காலத்தில் 1999-இன் ராக் பாட்டு ஒலிக்கும்போது, இது எந்தக் காலமும் இல்லை என்பது உறுதியாகிறது. கடைசியில் எல்லோரும் ஆடுகிற பாட்டு நீல் டயமண்ட் எழுதி 1966-இல் மங்கீஸ் குழு பிரபலமாக்கியது, படத்துக்காக ஸ்மாஷ் மவுத் மறுபடி பாடியது. லெனர்ட் கோஹனின் ஹல்லேலூயா படத்துக்குள் ஜான் கேல் குரலிலும், கடையில் விற்ற இசைத்தட்டில் ரூஃபஸ் வெயின்ரைட் குரலிலும் இருக்கிறது. நகலுக்கும் நகல். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஹல்லேலூயா ஒலிக்கும்போது படம் யாரையும் கேலி செய்வதில்லை. ஷ்ரெக் தன் வீட்டில் தனியாகச் சாப்பிட உட்கார்கிறான், ஃபியோனா கல்யாண உடையில் நிற்கிறாள், நாம் வருந்த வேண்டும் என்று படம் நேராகவே கேட்கிறது. அத்தனை நக்கலும் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஆக, முடிவில் பழைய கதைக்கே திரும்பிவிட்டதா?

பாதி. கல்யாணத்தை நிறுத்துவது, காதலின் முதல் முத்தம், சாபம் நீங்குவது, எல்லாம் அட்டவணைப்படி நடக்கிறது. ஷ்ரெக் எதைப் படித்துச் சிரித்தானோ அதையே எழுத்து மாறாமல் செய்து முடிக்கிறான். மாறுவது ஒன்றுதான்: முத்தத்துக்குப் பிறகு ஃபியோனா பச்சையாகவே இருந்துவிடுகிறாள். நான் அழகாக மாற வேண்டும் இல்லையா என்று அவளே குழம்புகிறாள். நீ அழகாகத்தான் இருக்கிறாய் என்கிறான் ஷ்ரெக்.

இதில் இன்னொரு வேடிக்கை. காதலின் முத்தம் உறங்கும் ஸ்னோ ஒயிட்டை எழுப்பும் என்பது கிரிம் சகோதரர்களின் கதையில் கிடையாது. அங்கே சவப்பெட்டியைத் தூக்கிப் போகும்போது நடக்கிற குலுக்கலில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது, அவ்வளவுதான். முத்தம் 1937 படத்தின் சேர்க்கை. ஷ்ரெக் கிழித்தது மிகப் பழைய கதையின் பக்கம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அது ஏற்கெனவே யாரோ திருத்தி ஒட்டிய பக்கம்.

படத்தில் உங்களுக்குப் பிடிக்காதது?

ஃபார்குவாடின் உயரம். தோற்றத்தை வைத்து யாரையும் எடைபோடாதே என்று ஒன்றரை மணி நேரம் சொல்கிற படம், குள்ளமாக இருப்பதை மட்டும் விடாமல் கிண்டல் செய்கிறது. அவன் கோட்டை ஏன் அவ்வளவு உயரம் என்பதிலிருந்து அவன் குதிரையிலிருந்து இறங்குவதுவரை ஒரே ஜோக். அவன் கொடுமைக்காரன், கேலி செய்ய வேறு ஆயிரம் காரணம் இருந்தது. ஹட்சியன் சொன்ன உடந்தை என்பதற்குப் படத்துக்குள்ளேயே இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இஞ்சி பிஸ்கட் பொம்மையைச் சித்திரவதை செய்யும் காட்சி சிலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். பாலில் முக்கி எடுத்து உண்மையைக் கக்கச் சொல்கிறார்கள், பொம்மையோ மழலையர் பாட்டின் வரிகளில் பதில் சொல்கிறது. விசாரணை அறையும் நர்சரி வகுப்பும் ஒரே மேசையில்.

குழந்தைகளுக்கு இதெல்லாம் புரியுமா?

கட்டடக்கலை விமர்சகர் சார்லஸ் ஜென்க்ஸ் பின்நவீனக் கட்டடங்களைப் பற்றி இரட்டைக் குறியீடு என்றார். ஒரே கட்டடம் துறை அறிந்தவருக்கு ஒன்றும் தெருவில் போகிறவருக்கு இன்னொன்றும் சொல்லும். குடும்பப் படத்துக்கு இது வியாபார அவசியமும்கூட. டிக்கெட் வாங்குகிறவர் தூங்கிவிடக் கூடாது. குழந்தை பறவை வெடித்ததற்குச் சிரிக்கும், அப்பா டிஸ்னி வெடித்ததற்குச் சிரிப்பார்.

ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது வேறு. என் அக்கா மகள் ஷ்ரெக்கைத்தான் முதலில் பார்த்தாள். ஸ்னோ ஒயிட்டைப் பல மாதம் கழித்துத்தான் போட்டுக் காட்டினோம். ஸ்னோ ஒயிட் பறவைகளோடு பாட ஆரம்பித்ததும் அவள் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, "மாமா, இப்ப வெடிக்கும் பாரு" என்றாள். வெடிக்கவில்லை. பாட்டு முடியும்வரை காத்திருந்துவிட்டு, இது நன்றாகவே இல்லை என்று எழுந்து போய்விட்டாள். அவளைப் பொறுத்தவரை ஷ்ரெக்தான் மூலம், 1937-தான் சுமாரான நகல்.

இப்போதும் இந்தப் பகடிக்கு வேலை இருக்கிறதா?

குறைந்துவிட்டது, காரணம் அது ஜெயித்துவிட்டதுதான். உலகம் முழுக்கச் சுமார் 48 கோடி டாலர் வசூலித்த படத்தை யார் சும்மா விடுவார்கள்? டிஸ்னியே 2007-இல் என்சான்டட் படத்தில் தன் இளவரசியை நியூயார்க் தெருவில் இறக்கிவிட்டுச் சிரித்தது. 2018-இல் ஒரு படத்தில் தன் இளவரசிகள் அத்தனை பேரையும் ஓர் அறையில் உட்கார வைத்துத் தங்களைத் தாங்களே கலாய்க்க விட்டது. கிண்டல் இப்போது அந்த நிறுவனத்தின் சரக்குகளில் ஒன்று. அதே 2018-இல் 200-க்கும் மேற்பட்ட கலைஞர்கள் சேர்ந்து, ஷ்ரெக் படத்தைக் காட்சி காட்சியாகத் தங்கள் கைவசம் உள்ள பாணியில் மறுபடி எடுத்து இணையத்தில் போட்டார்கள். பகடிக்கே பகடி. 2020-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் ஷ்ரெக்கைச் சேர்த்தது. புத்தகத்தைக் கிழித்தவன் நூலகத்துக்குள் போய்விட்டான்.

டுலாக் மாதிரி ஓர் இடம் நிஜத்தில் இருக்கிறதா?

டிஸ்னிலாந்தைத் தவிரச் சொன்னால், ஷ்ரெக்குக்கே ஒன்று இருக்கிறது. 2003-இல் அமெரிக்காவின் யுனிவர்சல் பூங்காக்களில் ஷ்ரெக் பெயரில் ஒரு 4-டி காட்சி தொடங்கினார்கள். சிங்கப்பூரில், செந்தோசா தீவில் இருக்கிற யுனிவர்சல் ஸ்டூடியோஸில், இரண்டாம் பாகத்தில் வருகிற அந்தத் தூர தேசத்துக் கோட்டையையே கட்டி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர் சுற்றுலா போய்வந்த பல குடும்பங்களின் ஆல்பத்தில் அந்தக் கோட்டை இருக்கும், எங்கள் ஆல்பத்திலும் இருக்கிறது.

நாங்கள் போன அன்று வெயில் கொளுத்தியது, கூட்டம் குறைவு. ஒரு விளையாட்டுக்கு முன்னால் வரிசைக்கான தடுப்புகள் எல்லாம் வளைவு வளைவாக அப்படியே இருந்தன, நிற்கத்தான் ஆளில்லை. அக்கா மகள் குனிந்து தடுப்புகளுக்கு அடியில் புகுந்து நேராக ஓடிப் போய் முன்னால் நின்றுகொண்டு கையாட்டினாள். நான் அந்தப் பெரிய தலைக்காரனைப் போல, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக வளைந்து வளைந்துதான் போய்ச் சேர்ந்தேன்.